பனி சரியும் மலையும் மண் சரிந்த மலையும்

(அறிவியல் பக்கம் – எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)

முன்னுரை

இந்த மாதம் அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் மலைச்சரிவு. மலை நமக்குப் புதுசு இல்லை. காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் எதிரில் அண்ணாமலை தான் நிற்கிறது. உயரம் 2,668 அடி. சுற்றி வந்தால் 14 கிலோமீட்டர். இதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனால் மலை எப்போது அமைதியா இருக்கும், எப்போது இறங்கி வரும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியாது. எங்கள் தெருவில் வருஷா வருஷம் மார்கழியில் ஒரு சுவிட்சர்லாந்துப் பாட்டி வந்து தங்குவார். ரமணாசிரமத்தில் தியானம் செய்ய வருபவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். "உங்க ஊர்ல பனி கொட்டும்போது தானே பயம்?" என்று கேட்டேன். "அப்பவும் பயம். வெயில் வந்தாலும் பயம்" என்றார். எனக்குப் புரியவில்லை. வெயில் வந்தால் சந்தோஷம் தானே! அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நம்ம மலை தான் ஞாபகம் வந்தது. அதனால் தான் இந்தக் கட்டுரை.

பனிச்சரிவு என்றால் என்ன?

பனி மலையில் பனி ஒரே நாளில் விழுவதில்லை. இன்று கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று விழுந்து, அடை அடுக்கி வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சில அடுக்கு கெட்டியாக இருக்கும். சில அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருக்கும். உதிரி அடுக்குக்கு மேலே கெட்டியான அடுக்கு கனமாக உட்கார்ந்தால் ஆபத்து. ஒரு மனிதன் அதன் மேல் நடந்தாலே போதும். கீழே இருக்கும் உதிரி அடுக்கு நொறுங்கி, மேலே இருப்பது பெரிய பலகை மாதிரி மொத்தமாக வழுக்கி வந்துவிடும். பனிச்சரிவில் மாட்டும் மலையேறிகளில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ மிதித்ததால் கிளம்பிய சரிவில் தான் மாட்டுகிறார்கள்.

எந்தச் சாய்வில் வரும்? பெரும்பாலும் 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடத்தில். அதைவிடச் சமமாக இருந்தால் பனி நின்றுவிடும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். நடுவில் இருக்கும் சாய்வு தான் பொல்லாதது. ஏறுவதற்கு வசதியாகத் தெரிவதும் அது தான்.

வெயில் ஏன் எதிரி?

இமயமலையில் மாசி, பங்குனி, சித்திரை வந்தால் வெயில் ஏறும். பனி உருகும். உருகிய தண்ணீர் பனிக்குள்ளே இறங்கும். கீழே பாறையோ ஐஸ் தகடோ இருந்தால் அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே பரவி நிற்கும். சோப்புத் தண்ணி ஊற்றிய சிமெண்டுத் தரையில் கால் வைத்த கதை தான். மேலே இருக்கும் பனிக்குப் பிடிமானம் போய்விடும். இதை ஈரப் பனிச்சரிவு என்கிறார்கள். இது வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் கனம் அதிகம். நின்ற பிறகு சிமெண்டு போல இறுகிவிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி உறைந்து கெட்டியாகும். விடியற்காலையில் அதன் மேல் நடக்கலாம். வெயில் ஏற ஏற இளகும். முதலில் கிழக்கு பார்த்த சரிவு, அப்புறம் தெற்கு பார்த்த சரிவு, மத்தியானத்துக்கு மேல் மேற்கு பார்த்த சரிவு. அதனால் தெரிந்தவர்கள் இரவு 2 மணி, 3 மணிக்கே டார்ச் லைட்டுடன் கிளம்பி, மத்தியானத்துக்குள் இறங்கி விடுவார்கள். இரவில் மேகம் மூடி உறையாமல் இருந்தால் அன்று போகவே மாட்டார்கள். கால் கணுக்கால் தாண்டி உள்ளே இறங்கினால், பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், காலடியில் தொம் என்று அமுங்கும் சத்தம் கேட்டால், தரையில் விரிசல் ஓடினால், உடனே திரும்பி விட வேண்டும். சிகரம் இன்னும் நூறு அடி தான் இருந்தாலும் திரும்ப வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில் பனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் எந்த மலையில் எவ்வளவு ஆபத்து என்று 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். நம் நாட்டில் சண்டிகரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் இமயமலைக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது.

நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

"நம்ம ஊர்ல ஐஸ் பெட்டியில் தான் பனி இருக்கு, இது நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் சாவடி மீது பெரிய பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அங்கே இருந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள். அந்த 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பனியே விழாத ஊரில் பிறந்தவர்கள் பனிக்குள் போனார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாவது நாள் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி இறந்துவிட்டார்.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி பத்ரிநாத் பக்கத்தில் மாணா என்ற ஊரில் சாலை போடும் தொழிலாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். பலர் இரும்புக் கன்டெய்னருக்குள் தங்கியிருந்ததால் தப்பினார்கள்.

இது தூரத்துச் சம்பந்தம். பக்கத்துச் சம்பந்தம் நம்ம மலையே தான்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் வேகமாக நகராமல் மெதுவாக ஊர்ந்ததால் மழை நிற்கவில்லை. நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. நம் ஊரிலும் விடாமல் கொட்டியது. எங்கள் வீட்டில் அன்று முழுக்க மின்சாரம் இல்லை. மலைப்பக்கம் வெள்ளையாக நிறைய கோடுகள் தெரிந்தன. எல்லாம் அருவி. சின்னப் பிள்ளைகள் கை தட்டிப் பார்த்தோம்.

அன்று மாலை மலையின் நகரத்துப் பக்கம், அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் நம்மைப் போன்ற பிள்ளைகள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. மோப்ப நாய்களும் வந்தன. குறுகலான தெரு, பெரிய பாறை, நிற்காத மழை. பெரிய இயந்திரம் மேலே ஏற முடியவில்லை. எல்லோரையும் எடுக்க டிசம்பர் 3 வரை ஆனது.

நாங்கள் கை தட்டிப் பார்த்த அதே தண்ணீர் தான் அந்தப் பக்கம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

எப்படி நடந்தது?

சுவிட்சர்லாந்துப் பாட்டி போட்ட படத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். நம் மலை கெட்டியான பாறை. அதன் மேல் போர்வை மாதிரி மெல்லிய மண். அந்த மண்ணில் பாதி புதைந்து பெரிய பெரிய குண்டுப் பாறைகள். மழை பெய்தால் மண் குடிக்கும். ஓர் அளவுக்கு மேல் குடிக்க முடியாது. அடியில் இருக்கும் பாறையும் குடிக்காது. அப்போது மூன்று விஷயம் நடக்கிறது.

1. தண்ணீர் சேர்ந்த மண் கனமாகிறது.
2. மண் துகளுக்கு நடுவில் நிறைந்த தண்ணீர் துகள்களைத் தள்ளி வைக்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் உராய்வு குறைகிறது.
3. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் ஓடி வழுக்குத் தளம் உண்டாகிறது.

பிறகு மண் போர்வை நழுவுகிறது. அதை நம்பி உட்கார்ந்திருந்த குண்டுப் பாறையும் கூடவே வருகிறது. பனி மலையில் அந்தத் தண்ணீரை வெயில் உண்டாக்குகிறது, நம் மலையில் மழை கொண்டுவருகிறது. அங்கே பங்குனி, இங்கே ஐப்பசி, கார்த்திகை. இரண்டு இடத்திலும் வேலை செய்வது உள்ளே இறங்கிய தண்ணீர் தான்.

கோடையில் மலையில் தீ வைத்தால் புல்லும் வேரும் எரிந்து போகும். வேர் தான் மண்ணைத் தைத்து வைத்திருக்கும் நூல். சித்திரையில் வைத்த தீக்குக் கார்த்திகையில் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். அடிவாரத்தில் சரிவை வெட்டி வீடு கட்டுவதும் அப்படித்தான். அடியில் இருக்கும் மூட்டையை உருவினால் மேல் மூட்டை நிற்குமா?

செய்து பாருங்கள்

தேவையானவை: உடைந்த பழைய சிலேட்டு, காய்ந்த மண், கூழாங்கல், ஒரு சொம்பு தண்ணீர், ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானி.

சிலேட்டின் மேல் இரண்டு விரல் தடிமனுக்கு மண்ணைப் பரப்புங்கள். மேலே கூழாங்கல்லைப் பாதி புதையும்படி வையுங்கள். சிலேட்டை ஒரு பக்கம் மெதுவாகத் தூக்குங்கள். மண் எத்தனை டிகிரியில் வழிகிறது என்று பாகைமானியில் பார்த்து எழுதுங்கள். அடுத்து, மண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்துச் செய்யுங்கள். இப்போது இன்னும் அதிகம் தூக்கினாலும் நிற்கும்! (ஈர மணலில் தான் வீடு கட்ட முடியும், காய்ந்த மணலில் முடியாது.) மூன்றாவது முறை, பாதி தூக்கிய சிலேட்டில் மேல் பக்கத்திலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகாது. திடீரென்று கல்லோடு சேர்ந்து மொத்தமும் இறங்கும்.

எங்கள் தெருப் பிள்ளைகள் செய்தபோது எல்லோரும் "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அதற்குள் கால் மேல் சேறு. மலையும் இப்படித்தான். ஒன்றும் ஆகாத நேரம் நீளமாக இருக்கும், ஆகும் நேரம் நொடியில் முடிந்துவிடும்.

மலை காட்டும் அடையாளங்கள்

* ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறுவது. எங்கள் ஆயா சின்ன வயசில் மலையில் சுள்ளி பொறுக்கப் போகும். "தண்ணி கலங்கினா சுமையைப் போட்டுட்டு வந்துடுவோம்" என்று சொல்லும்.
* மழை பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும்.
* இதுவரை ஊற்று இல்லாத இடத்தில் புதிதாகத் தண்ணீர் கசிவது.
* தரையில் அல்லது வீட்டுச் சுவரில் புது விரிசல். கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகுவது.
* மரமோ கரண்டு கம்பமோ சாய்வது.
* சின்னக் கற்கள் உருண்டு வருவது, மரம் முறியும் சத்தம், லாரி வருவது போன்ற உறுமல்.

இதில் ஒன்று தெரிந்தாலும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். மழை நின்றுவிட்டதே என்று இருக்கக் கூடாது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். மண்ணுக்குள் போன தண்ணீர் மழை விட்ட பிறகும் இறங்கிக்கொண்டு தான் இருக்கும்.

இரவில் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மீது மலை சரிந்து 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் சரிந்ததும் விடியாத நேரத்தில் தான். இரண்டிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓட நேரம் இல்லை. அதனால் மலையடி வீட்டில் இருப்பவர்கள் பெருமழை இரவில் பள்ளிக்கூடத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ போய்ப் படுப்பது நல்லது.

மலை ஏறுபவர்களுக்குப் பத்து விதி

பனி மலைக்காரர்களின் விதிகளை நம் மலைக்குத் தகுந்த மாதிரி மாற்றி எழுதியிருக்கிறேன். கந்தாசிரமம் வரை போனாலும் இது பொருந்தும்.

1. கிளம்பும் முன் வானிலை கேளுங்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை. ஆரஞ்சு, சிவப்பு நாளில் மலைப்பக்கமே போக வேண்டாம்.
2. தடை போட்டிருந்தால் திருட்டு வழியில் ஏறாதீர்கள். அந்த வழியில் உங்களைத் தேடவும் யாரும் வர மாட்டார்கள்.
3. தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.
4. காலையில் ஏறி, மத்தியானத்துக்குள் இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் இருட்டில் மாட்டக் கூடாது.
5. ஓடைப் பள்ளத்தில் நடக்காதீர்கள். சரிவு வரும் வழி அது தான். மேடான வழியில் போங்கள்.
6. தொங்கும் பாறைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.
7. ஆபத்தான இடத்தைக் கூட்டமாகக் கடக்காதீர்கள். ஒவ்வொருவராகக் கடக்க, மற்றவர்கள் நல்ல இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பனி மலையில் இதைக் கண்டிப்பாகச் செய்கிறார்கள்.
8. மேலே நிற்பவர் கல்லைத் தள்ளி விளையாடக் கூடாது. கீழே ஆள் இருப்பது தெரியாது.
9. கூட்டத்தில் சின்னவர் ஒருவர் "பயமா இருக்கு, திரும்பலாம்" என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். கேலி செய்யக் கூடாது.
10. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் சாட்சி இல்லை.

மாட்டிக்கொண்டால்

மண்சரிவு வந்தால் கீழ்நோக்கி ஓடாதீர்கள். அது உங்களை விட வேகம். பக்கவாட்டில், மேடான இடத்துக்கு ஓடுங்கள். முடியாவிட்டால் தலையைக் கையால் மூடிச் சுருண்டு கொள்ளுங்கள். சரிந்து நின்ற உடனே எல்லோரும் உள்ளே ஓடக் கூடாது. இரண்டாவது முறையும் சரியலாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070, அவசர உதவி 112. மூன்றையும் நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

பனிச்சரிவில் புதையும்போது முகத்துக்கு முன்னால் கையை வைத்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் உண்டாக்க வேண்டும் என்கிறார்கள். முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணிக்கு மேல் போனால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனால் போகும் ஒவ்வொருவரிடமும் சிக்னல் கருவி, நீளமான கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்கும். காப்பாற்றப் போவது ஹெலிகாப்டர் இல்லை, கூட வந்த நண்பன் தான்.

தீபமும் தடையும்

2024-இல் டிசம்பர் 13-ஆம் தேதி கார்த்திகை தீபம். சரிவு நடந்து 12 நாள் தான் ஆகியிருந்தது. புவியியல் வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். மண் இன்னும் ஈரமாக இளகியிருந்ததால் பக்தர்கள் ஏற அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டு போகும் ஆட்கள் மட்டும் போனார்கள். தீபம் வழக்கம் போல் ஏற்றப்பட்டது.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒருவர் நெய்யோடு மேலே போவது வழக்கம். அந்த வருஷம் அண்ணன் முறை. அவனுக்குக் கோபம். "பின்பக்கம் வழி இருக்கு, நான் போறேன்" என்று குதித்தான். அம்மா அழுதது. அப்போது ஆயா தான் சொன்னது: "டேய், ஊர் முழுக்கக் கீழ நின்னு பாக்கணும்னு தான் அவ்வளவு உயரத்துல ஏத்துறாங்க. கீழயே நில்லு." நெய்யைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தோம். மாலை 6 மணிக்கு மாடியில் நின்று பார்த்தோம். அண்ணனும் எங்களோடு தான் நின்றான்.

தீபம் வருவது கார்த்திகையில். நம் ஊரில் மழை கனமாகப் பெய்வதும் அந்தச் சமயம் தான். லட்சக்கணக்கான பேர் மலையை நோக்கி வரும் நாளும், மலை தண்ணீர் குடித்து நிற்கும் நாளும் ஒன்றாக இருக்கிறது. இதை நாம் மறக்கக் கூடாது. தடை வந்தால் சாமி குற்றம் என்று நினைக்க வேண்டாம்.

முடிவுரை

மலை நம் எதிரி இல்லை. ரமணர் 1896-இல் இங்கே வந்து, விரூபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் பல வருஷம் மலையிலேயே வாழ்ந்தார். நம் ஆயாக்கள் மலையை நம்பிப் பிழைத்தார்கள். அவர்கள் மலையைப் பார்த்து நடந்தார்கள், நாமும் அப்படி நடக்க வேண்டும். மரம் நடுவோம். தீ வைக்க மாட்டோம். மழை நாளில் ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்போம். இதைப் படித்தவர்கள் இன்று வீட்டுக்குப் போய் ஒருவரிடமாவது 1077 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

சிந்திக்க

1. பனி மலையில் விடியற்காலையில் நடப்பது ஏன் நல்லது?
2. கொஞ்சம் ஈரமான மண் நிற்கிறது, ரொம்ப ஈரமான மண் சரிகிறது. காரணம் என்ன?
3. மழை பெய்யும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தால் என்ன அர்த்தம்?
4. உங்கள் வீட்டிலிருந்து மிக அருகில் உள்ள ஓடை எது? பெருமழையில் நீங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? (இதற்கு விடை புத்தகத்தில் இல்லை. நடந்து பார்த்து எழுதி வாருங்கள்.)